தாய்மாமன் சீர் டப்பாவில் நிலா மண்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் "சிவில் இன்ஜினியர்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அது பொய்யில்லை. கோயம்புத்தூரில் மண் இயக்கவியல் படித்தவள் நான். ஆனால் முழு உண்மையும் இல்லை. ஒருமுறை, டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ரவுண்ட் ராக்கில், ஒரு குழந்தையின் பிறந்தநாள் பார்ட்டியில் முழு உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். நிலாவில் இருக்கிற மண்ணைப் போலவே பூமியில் செயற்கையாக மண் தயாரிக்கிறார்கள், நிலாவில் ஓடப்போகிற வண்டிகளை முதலில் அந்த மண்ணில்தான் ஓட்டிப் பார்ப்பார்கள், அந்த மண் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வது என் வேலை என்றேன். கேட்டுக்கொண்டிருந்த அங்கிள் சமோசாவைத் தட்டில் வைத்தார்.

"நீ நிலாவுக்குப் போயிருக்கியாம்மா?"

"இல்ல அங்கிள்."

"அப்போ எதை வச்சு ஒழுங்கா இருக்குன்னு சொல்றே?"

முன்பு அங்கே போனவர்கள் கொண்டுவந்த மண்ணை அளந்து வைத்திருக்கிறார்கள், அந்த அளவுகளோடு ஒப்பிடுவோம் என்றேன். அவர் "இதுக்கெல்லாம் விசா தர்றானா?" என்று கேட்டுவிட்டு சமோசாவை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் சிவில் இன்ஜினியர்தான்.

என் வேலையை ஒரே வரியில் சொல்வதென்றால், போலி எந்த அளவுக்கு ஒழுங்கான போலி என்று பார்ப்பது. நல்ல போலிக்குச் சான்று கொடுப்பேன். மோசமான போலியைத் திருப்பி அனுப்புவேன். என் வீட்டுக்காரர் சென்னைக்காரர், சாஃப்ட்வேரில் இருக்கிறார். அவர் எங்கள் ஆபீசுக்கு வைத்திருக்கும் பெயர் "டூப்ளிகேட் டிபார்ட்மென்ட்". எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்தாலும் அதைவிடச் சரியான பெயர் எனக்கும் கிடைக்கவில்லை.

நிலா மண்ணில் ஒரு விசேஷம் உண்டு. அங்கே காற்று இல்லை, தண்ணீர் இல்லை. பூமியில் மணல் ஒன்றோடொன்று உரசி உருண்டு உருண்டு முனை மழுங்கிப்போகும். அங்கே அந்தப் பேச்சே கிடையாது. உடைந்தது உடைந்தபடியே கூராகக் கிடக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகள் மாதிரி இருக்கும். வண்டியின் சக்கரத்தையும் விண்வெளி உடையையும் அதுதான் அறுக்கிறது. அதனால் செயற்கை மண்ணும் கூராக இருக்கவேண்டும். மழுமழுவென்று இருந்தால் அது நிலா மண் இல்லை, வீடு கட்டுகிற மண்.

இரண்டு வருடத்துக்கு முன்பு எனக்கு வந்த வம்பும் இதில்தான். ஹூஸ்டனில் நிலாவில் பள்ளம் தோண்டுகிற இயந்திரம் செய்யும் ஒரு நிறுவனம் பன்னிரண்டு டன் நிலா மண் வாங்கியது. மண்ணைத் தயாரித்து விற்றவர்கள் வேறு மாநிலத்துக்காரர்கள். நடுவில் நின்று தரம் பார்த்தது எங்கள் ஆபீஸ். அதாவது நான். முதலில் விற்பவர் ஒரு கிலோ மண்ணை மாதிரி என்று அனுப்பினார். அத்தனை அருமையான மண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு துகளும் வெட்டுவேன் குத்துவேன் என்று நின்றது. சரி என்று எழுதிக் கொடுத்தேன். அதை நம்பி ஹூஸ்டன்காரர்கள் ஆர்டர் போட்டார்கள். பன்னிரண்டு டன்னும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியபோது பார்த்தால், அத்தனையும் ஜவ்வரிசி. ஒரு துகளுக்கும் முனை இல்லை. பொன்னி அரிசியைக் காட்டிவிட்டு ரேஷன் அரிசியைக் கொட்டியிருந்தார்கள். செல்லாது என்று ரிப்போர்ட் எழுதினேன்.

விற்றவர் விடவில்லை. இரண்டும் ஒரே மண்தான், அந்தப் பெண்மணிக்குத்தான் சோதிக்கத் தெரியவில்லை என்றார். முடிவில் ஹூஸ்டனில் எல்லாரும் கூடி, முதலில் வந்த மாதிரி மண்ணையும் பிறகு வந்த மூட்டை மண்ணையும் ஒரே நுண்ணோக்கியில் பார்த்துவிடுவது என்று ஏற்பாடானது. மூட்டை மண் டன் கணக்கில் கிடந்தது. முதல் மாதிரியில், சோதனைக்குப் போக என்னிடம் மிஞ்சியிருந்தது நானூறு கிராம். உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது.

எங்கள் ஆபீசில் மொத்தமே ஒன்பது பேர். முதலாளி ஒரு வயதான டெக்சாஸ்காரர், நல்ல மனிதர். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த ரிப்போர்ட் விழுந்தால் ஆபீசின் பெயர் போய்விடும், அதற்குப் பிறகு உன்னை வைத்துக்கொள்ள என்னால் முடியாது என்றார். குரலை உயர்த்தவே இல்லை. நாங்கள் இந்த நாட்டில் இருப்பதே என் விசாவில். வீட்டுக்காரரின் வேலை பார்க்கும் அனுமதி என் விசாவைத் தொற்றிக்கொண்டிருக்கிறது. கிரீன் கார்டு விண்ணப்பமும் என் வேலையின் பேரில்தான் வரிசையில் நிற்கிறது. வேலை போனால் அறுபது நாள் தருவார்கள். அதற்குள் இன்னொரு வேலை கிடைக்கவில்லையென்றால் மூட்டை கட்டவேண்டியதுதான். எத்தனை பேர் நிலா மண்ணுக்குச் சான்று கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

இப்போது டப்பாவுக்கு வருகிறேன். எல்லாம் அந்த டப்பாவால் வந்தது.

இந்த மாதிரி நுண்ணிய தூளை பிளாஸ்டிக் ஜாடியில் போட்டால் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது பெருந்துகள் வரும், சிறுதுகள் வராது, கணக்கு கெட்டுப்போகும். அதனால் எஃகு ஜாடிக்குச் சொல்லியிருந்தோம். அது வருகிற வழியாக இல்லை. மாதிரி மண் வந்துவிட்டது. என் மேஜையில் அன்று ஓர் எவர்சில்வர் டப்பா இருந்தது. எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளியிருக்கும் ஆன்ட்டி முறுக்கு போட்டுக் கொடுத்த டப்பா. முறுக்கு தீர்ந்திருந்தது. கழுவி, துடைத்து, ஆபீஸ் சோதனைக்கூட அடுப்பில் காயவைத்து மண்ணைக் கொட்டினேன். ஒரு துகள் ஒட்டவில்லை. மூடி இறுக்கமாக உட்கார்ந்தது. முதலாளி அசந்துபோய்விட்டார். எஃகு ஜாடிக்குக் கொடுத்த ஆர்டரையே ரத்து செய்தார்.

டப்பாவின் மேல், நம் பாத்திரக்கடைகளில் போடுவார்களே, அந்தப் புள்ளிப் புள்ளி எழுத்தில் "தாய்மாமன் சீர்" என்று வெட்டியிருந்தது. ஆன்ட்டிக்குக் கல்யாணத்தில் வந்த டப்பா. முதலாளி அதைத் தடவிப் பார்த்து, இது என்ன அடையாளம் என்றார். தாயின் சகோதரர் கொடுத்த பரிசு என்று விளக்கினேன். எந்த மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்று எழுதுகிற ஃபார்ம் ஒன்று உண்டு. அதில் 'கொள்கலனின் அடையாளம்' என்ற இடத்தில் அவர் சொன்னதன் பேரில் நானே தமிழில் எழுதினேன்: தாய்மாமன் சீர்.

நாலு மாதமாக ஆன்ட்டி டப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். நேராகக் கேட்கமாட்டார். "போன தடவை குடுத்த முறுக்கு நல்லா இருந்துச்சாம்மா? அந்தப் பெரிய டப்பால குடுத்தேனே, அது" என்பார். நான் நாளைக்கு ஆன்ட்டி, நாளைக்கு ஆன்ட்டி என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஹூஸ்டன் சந்திப்புக்கு முந்தைய நாள் காலையில் வீட்டுக்காரரிடம் ஒரு சண்டை. இந்த வீட்டில் எதையாவது நீங்களாகப் பார்த்துச் செய்திருக்கிறீர்களா, எல்லாவற்றையும் நான் வாய்விட்டுச் சொல்லவேண்டுமா என்று கத்திவிட்டு ஆபீசுக்குப் போனேன். மூன்று மணிநேர டிரைவ், விடிந்ததும் வீட்டிலிருந்தே கிளம்புவது என்று, சாயங்காலம் நாலு மணிக்கு டப்பாவை வீட்டுக்கு எடுத்துவந்தேன். மறக்கக்கூடாது என்று சமையலறை மேடையில் கார் சாவிக்குப் பக்கத்தில் வைத்தேன். டப்பாவுக்கு அடியில் அந்த ஃபார்ம். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நாளைக்கு என்ன பேசவேண்டும் என்று முதலாளியோடு போனில் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன். அது இரண்டு மணிநேரத்துக்கு மேல் இழுத்தது.

அன்றைக்குப் பிரதோஷம். ஆன்ட்டி வீட்டில் மாதாமாதம் பூஜை உண்டு, அக்கம்பக்கத்துத் தமிழர்கள் நாற்பது பேர் கூடுவார்கள். எங்கள் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்காரர் போய்விட்டு ஏழேகாலுக்குத் திரும்பினார். ஜூன் மாதம். வெளியே நல்ல வெயில். மகளுக்கு அப்போது ஏழு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா, இட்ஸ் ஸோ ஸ்க்ராட்ச்சி."

நெற்றியில் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று. ஜன்னல் வெயிலில் அது மினுக்கியது. திருநீறு மினுக்காது. நான் தொட்டுப் பார்த்தேன். விரல் நுனி அதை அடையாளம் கண்டுகொண்டது, எனக்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குழந்தையின் நெற்றியில் வைத்துப் பார்த்தேன். வெட்டுவேன் குத்துவேன் என்று நின்றது. என் மண்ணேதான்.

சமையலறை மேடையில் கார் சாவி மட்டும் இருந்தது.

"டப்பா எங்க?"

வீட்டுக்காரர் நெற்றியில் மூன்று பட்டையோடு, மார்க் வாங்கிய பையன் போல நின்றார். "குடுத்துட்டேன். நீ சொல்லாமலே. நானா பாத்து."

"உள்ள இருந்தது?"

"வெயிட்டா இருந்துச்சு. வெறும் டப்பாவா திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு நீதான் ஏதோ போட்டு வச்சிருக்கேன்னு நெனச்சேன். கீழ இருந்த பேப்பரைக்கூட மடிச்சு லெட்டர் டிரேல வச்சிருக்கேன்."

அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் கொடுமை. வாங்கிய டப்பாவைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், வெறுமையாகக் கொடுக்கக்கூடாது. இதை அவருக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. முகத்தைத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

ஆன்ட்டி வீட்டு வாசலில் செருப்புக் குவியல். உள்ளே நாற்பது பேர் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பது நெற்றியிலும் நிலா. நான் உயிரைக் கொடுத்துப் பாதுகாத்த மண் அங்கே சிரித்துப் பேசிக்கொண்டு, தயிர்சாதம் வாங்க வரிசையில் நின்றது.

"வாம்மா, வா!" என்று ஆன்ட்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எந்தக் கோயில் திருநீறும்மா இது? கொஞ்சம் கொரகொரன்னு இருக்கு, ஆனா என்ன ஒரு பளபளப்பு! டப்பா குடுக்கலியேன்னு மனசுக்குள்ள உன்னை எவ்ளோ திட்டிட்டேன் தெரியுமா? சாரிம்மா."

"ஆன்ட்டி, அது திருநீறு இல்ல. நிலா மண்ணு."

"என்ன மண்ணு?"

"நிலால இருக்கிற மாதிரி செயற்கையா செஞ்ச மண்ணு. ஆபீஸ்ல டெஸ்ட் பண்றது. நாளைக்கு அது எனக்கு வேணும் ஆன்ட்டி."

ஆன்ட்டி சாமி படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சிவன் தலையிலயே நிலாதானேம்மா இருக்கு" என்றார். "ஒண்ணும் தப்பில்ல."

அந்த சமோசா அங்கிளும் அங்கே இருந்தார். அவர் வழக்கம்போல ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டுக்கொண்டிருந்தார். "பல்லுல நறநறன்னுச்சு. ஊர்லேந்து வந்த திருநீறு, அப்படித்தான் இருக்கும்னு முழுங்கிட்டேன்" என்றார். வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொன்னேன். இந்தத் தூள் மூக்கில் ஏறினால் நுரையீரலுக்கு ஆகாது, தேய்க்காமல் கழுவுங்கள் என்று எல்லாருக்கும் சத்தமாகச் சொன்னேன். பாதிப் பேர் கழுவினார்கள். மீதிப் பேர் பிரதோஷத்தன்று பூசியதைக் கழுவுவதா என்று என்னை முறைத்தார்கள்.

மிச்சம் எங்கே என்று கேட்டேன். பெரும்பகுதியை ஆன்ட்டி பித்தளைத் தாம்பாளத்தில் கொட்டி, ஏற்கெனவே இருந்த திருநீற்றோடு கலந்துவிட்டிருந்தார். அது போனது போனதுதான். கலப்பதற்கு முன்னால், வந்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவதற்காக இருபத்தைந்து பொட்டலம் மட்டும் மடித்திருந்தார். தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களைச் சேர்த்துவைத்து அதில்தான் பொட்டலம் மடிப்பார். அத்தனையும் கொடுத்தாயிற்று.

ஒப்புக்கொண்ட நுண்ணோக்கிச் சோதனைக்குக் குறைந்தது பத்து கிராம் வேண்டும். ஒரு பொட்டலத்தில் ஒரு கிராம் அளவுக்கு இருக்கும். நான் பிச்சையெடுக்க ஆரம்பித்தேன்.

கொடுத்த பிரசாதத்தைத் திருப்பிக் கேட்கிறவளை யாருக்கும் பிடிக்காது. ஒருவர் பொட்டலத்தைக் காருக்குள் ஒட்டிவைத்துவிட்டார், பிரித்தெடுத்தால் விபத்து நடக்கும் என்றார். ஓர் அம்மா ஏற்கெனவே வீட்டுக்குப் போய்த் தன் சம்புடத்தில் கலந்துவிட்டார். இன்னொருவர், எல்லாம் சரி, இதில் நிலாவுக்கு உகந்த நட்சத்திரக்காரர்களுக்கு ஏதாவது பலன் உண்டா என்று கேட்டார். தெருத்தெருவாக நடந்தேன், ஒவ்வொரு காலிங் பெல்லுக்கும் முதலிலிருந்து கதையைச் சொன்னேன். பிரிக்காத பொட்டலம் ஒன்பது கிடைத்தது. மகளுக்குக் கேக் செய்ய வைத்திருந்த சின்னத் தராசில் நிறுத்தால் ஒன்பது கிராமும் கொசுறும்.

பத்தாவது யாரிடம் இருக்கிறது என்று ஆன்ட்டி சொல்லி எனக்குத் தெரியும். எங்களுக்குப் பின்தெருவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்த பொள்ளாச்சித் தம்பி. முப்பத்திரண்டு வயது. வேலை போய் ஐம்பத்துநாலு நாள் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் எல்லாருக்கும் அந்தக் கணக்கு தெரியும், யாரும் அவன் எதிரில் சொல்லமாட்டோம். நான் அவ்வப்போது ஒரு டப்பாவில் புளிசாதமோ கிச்சடியோ கொடுத்தனுப்புவேன்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஒரு காரியம் செய்தேன். எங்கள் பூஜை அலமாரியில் அம்மா அனுப்பிய பழனி திருநீறு இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்து, ஆன்ட்டியிடம் வாங்கிவந்த நாள்காட்டித் தாளில் அதே மாதிரி மடித்துக்கொண்டேன். அவனிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பொட்டலத்தை மடித்து எடுத்துக்கொண்டுதான் போனேன்.

கதவைத் திறந்தவன் சிரித்தான். இஸ்திரி போட்ட சட்டை நாற்காலியில் தொங்கியது. அதன் பையில் நாள்காட்டித் தாளின் முனை தெரிந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூங்க்கா. ஃபைனல் ரவுண்டு. கேமரால தெரியாது, ஆனாலும் பாக்கெட்ல வச்சுக்கலாம்னு எடுத்து வச்சுட்டேன்." பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, "இத்தன நாள்ல இன்னைக்குத்தானுங்க்கா கொஞ்சம் தெம்பா இருக்குது" என்றான்.

இதை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது, அது போலி நிலாவின் மண் என்று? சொல்லியிருக்கவேண்டும். நான் சொன்னது இது:

"தம்பி, ஆன்ட்டி பாக்கெட்டை மாத்திக் குடுத்துட்டாங்க. உனக்குன்னு வச்சது இதுதான். பழனி திருநீறு. ஸ்பெஷல்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. பழனி என்றால் அவனுக்கு வீட்டு வாசல் மாதிரி. சட்டைப்பையிலிருந்ததை அவனாகவே எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, என்னுடையதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டான். நான் வழியெல்லாம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். உண்மையான திருநீற்றைத்தானே கொடுத்தேன், அவனுக்கு என்ன நஷ்டம்? தராசில் வைத்தேன். பத்து கிராமும் கொஞ்சமும்.

மறுநாள் வீட்டுக்காரர்தான் ஹூஸ்டனுக்கு டிரைவ் பண்ணினார். பிராயச்சித்தமாக லீவு போட்டிருந்தார். கழுவிய நெற்றியில் மூன்று பட்டையும் சிவந்து தடித்திருந்தன. வழியில் அந்த ஃபார்மை எடுத்து நடந்ததை நடந்தபடி எழுதினேன். வேலை போனாலும் பொய் ஃபார்மில் கையெழுத்துப் போடமாட்டேன் என்ற வீறாப்பு எனக்கு. ஃபார்மில் பொய் எழுதக்கூடாது என்ற வீறாப்பு மட்டும்தான்.

வாங்கிய நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் நரைத்த முடிக்காரப் பெண்மணி. சிரிக்கத் தெரியாதவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் ஃபார்மைச் சத்தமாக வாசித்தார். மாதிரி தவறுதலாக அண்டை வீட்டாரிடம் ஒப்படைக்கப்பட்டது. நாற்பது நபர்களின் நெற்றியில் இடப்பட்டது. ஒருவரால் விழுங்கப்பட்டது. பத்து பொட்டலங்கள் மீட்கப்பட்டன, ஒன்பது கேட்டுப் பெறப்பட்டவை, ஒன்று மாற்றிப் பெறப்பட்டது. என் முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். விற்பனை செய்த நிறுவனத்து ஆள் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"இது மாதிரியே இல்லை, இதை ஏற்கமுடியாது" என்றார் அவர். "எது எதோடு கலந்ததோ!"

"பொட்டலங்கள் தனித்தனியாகப் பத்து வீடுகளில் இருந்தனவா?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார்.

"ஆமாம்."

"பத்தும் ஒன்றுபோல் இருந்தால் கலக்கவில்லை என்று அர்த்தம். பார்த்துவிடலாம். அந்த நெற்றிகளில் ஏதாவது ஒன்று இங்கே இருக்கிறதா?"

பார்க்கிங்கில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து, யாரும் சொல்லாமலே விளக்குக்கு நேராக நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் அருகில் போய்ப் பார்த்தார். பிறகு மூட்டை மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் புறங்கையில் தேய்த்தார். ஒன்றும் ஆகவில்லை. என் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை தேய்த்தார். சிவந்தது. உதட்டோரம் லேசாகக் கோணியது, அதுதான் அவருடைய சிரிப்பு என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நுண்ணோக்கி. பத்துப் பொட்டலமும் உடைந்த வளையல். நாள்காட்டியின் தேதிகளையே மாதிரி எண்களாகக் குறித்துக்கொண்டார்கள். மூட்டை மண் ஜவ்வரிசிதான். மூட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். என் ரிப்போர்ட் விழாமல் நின்றது, முதலாளி என் தோளைத் தட்டினார். எழுத்து வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்களில் மாதிரிகளை வைக்கக்கூடாது என்று எங்கள் ஆபீசில் இப்போது எழுத்துபூர்வமாக ஒரு விதி உண்டு. திரும்பி வரும்போது வழியெல்லாம் நானும் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டே வந்தோம். எனக்கு அன்றைக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

அந்தத் தம்பிக்கு வேலை கிடைக்கவில்லை. வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள். மீதமிருந்த நாட்களில் கட்டிலையும் மேஜையையும் இணையத்தில் போட்டு, வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, டிக்கெட் போட்டான். கிளம்புகிற அன்று மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் என் டப்பா. கடைசியாகப் புளிசாதம் கொடுத்தனுப்பியது.

"வர்றேனுங்க்கா. உங்க டப்பா."

"ஏர்போர்ட்டுக்கு நாங்க கொண்டுவந்து விடறோம் தம்பி."

"வேண்டாங்க்கா, ஃபிரண்டு வர்றான்." டப்பாவை நீட்டியவன், "வெறும் டப்பாவாக் குடுக்கக் கூடாதில்லீங்களா, வீட்ல எல்லாம் காலி பண்ணிட்டேன்" என்று சிரித்தான். "உள்ள நீங்க குடுத்த பழனி திருநீறு இருக்குதுங்க்கா. அன்னைக்குத் துளியூண்டு வச்சேன். மிச்சம் அப்படியே இருக்குது. நான் பழனிப் பக்கந்தானே போறேன், எனக்கெதுக்கு? இங்க இருக்கறவங்களுக்குத்தான் வேணும். உங்க கிரீன் கார்டுக்கு வச்சுக்குங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பத்திரமாகப் போய்ட்டு வா என்றேன், போய்விட்டு எங்கே வருவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அவன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன்.

உள்ளே வந்து டப்பாவைத் திறந்தேன். நான் மடித்த மடிப்பு கலையாமல் பொட்டலம் இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்து, விரலால் அழுத்தித் தேய்த்தேன். இன்னும் அழுத்தித் தேய்த்தேன். மாவு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்சமாவது கீறியிருக்கலாம்.